கேலா நாலாவின் தெளிந்த தண்ணீர்

ரங்கத் பஜாரில் அறுபத்தெட்டாம் வருஷக் கோடையில் நல்ல தண்ணீர் குடித்தவர்கள் எல்லாரும் நான் கொண்டுவந்த தண்ணீரைத்தான் குடித்தார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை. வேறு தண்ணீர் கிடையாது. பிப்ரவரி பிறந்தால் பஜார் கிணறுகளில் உப்பு ஏறிவிடும். பருப்பு வேகாது, டீயில் ஊற்றிய பால் திரிந்துபோகும். அப்புறம் எல்லாருக்கும் என் டுங்கி வருகிறதா என்று பார்ப்பதுதான் வேலை. டுங்கி என்றால் இந்த அந்தமான் தீவுகளில் மரப்படகு. என்னுடையது பதினான்கு டிரம் தாங்கும்.

என் பெயர் சேக் தாவூத். சொந்த ஊர் தேவிப்பட்டினம். படிப்பு இரண்டாம் வகுப்பு, அதுவும் முழுசாக இல்லை. ஐம்பத்து மூன்றில் கப்பலேறிப் போர்ட் பிளேர் வந்தேன். ஜெட்டியில் ஆறு வருஷம் மூட்டை தூக்கினேன். ஒரு காண்ட்ராக்டரின் மோட்டார் படகில் இரண்டு வருஷம் இருந்து, இஞ்சினின் இருமலைக் கேட்டே நோய் சொல்லக் கற்றுக்கொண்டேன். அப்புறம் ரங்கத் வந்து, படாக் மரம் ஒன்றை வாங்கி என் கையாலேயே டுங்கி செதுக்கினேன். முதல் டுங்கி மூழ்கியது. இரண்டாவது பதினேழு வருஷம் மூழ்கவில்லை.

எங்கள் ஆறு ஒன்றும் பெரிய ஆறு இல்லை. தீவில் ஓடும் எல்லாவற்றுக்கும் நாலா என்றுதான் பெயர். இதைப் பெரிய நாலா என்போம். அதற்கு இரண்டு கிளைகள். பத்தர் நாலா மலையிலிருந்து கல்லில் விழுந்து விழுந்து வருவது. பத்தர் என்றால் இந்தியில் கல். இன்னொன்று கேலா நாலா, கேலா என்றால் வாழைப்பழம். வங்காளிக் குடியேறிகளின் நெல்வயல்களைச் சுற்றிக்கொண்டு, எருமைகளைக் குளிப்பாட்டிக்கொண்டு, வாழைத் தோப்புகளுக்கு இடையில் தூங்கித் தூங்கி வரும். இரண்டும் சேர்ந்து பெரிய நாலாவாகிக் கண்டல் காட்டுக்குள் நுழைந்து கடலுக்குப் போகும். ஏற்றத்தில் கடல் தண்ணீர் என்னை உள்ளே தள்ளிக்கொண்டு போகும், வற்றத்தில் வெளியே கொண்டுவந்து விடும். நடுவில் முதலைக்கு ஒரு சலாம் போட்டால் போதும்.

நான் தண்ணீர் எடுப்பது பத்தர் நாலாவில். எடுத்த தண்ணீரை அப்படியே விற்கிறவன் நான் இல்லை. வீட்டில் ஆறு பெரிய மண்தொட்டிகள் வைத்திருந்தேன். ஊரிலிருந்து வருஷம் ஒரு மூட்டை தேத்தாங்கொட்டை வரவழைப்பேன். தொட்டியின் உள்பக்கம் அந்தக் கொட்டையைச் சந்தனம் மாதிரி உரசிவிட்டுத் தண்ணீரை ஊற்றினால், பொழுது விடிவதற்குள் கசடு எல்லாம் அடியில் போய்ப் படுத்துவிடும். மேலே நிற்பதை மட்டும் மொண்டு டிரம்மில் நிரப்புவேன். அடியில் காசு போட்டால் தலையா பூவா என்று மேலிருந்தே சொல்லலாம். ரங்கத்தில் என் தண்ணீரில் குறை சொன்னவன் ஒருவன்கூட இல்லை.

ஆனால் இந்தத் தொழில் நாலு மாதத் தொழில். மே மாதம் மழை இறங்கினால் வானமே இலவசமாகத் தண்ணீர் கொடுக்கும். என்னை யார் கேட்பார்கள்? என் மனைவி ரம்ஜான் பீவி இதை ஒவ்வொரு மழைக்கும் சொல்லிக்காட்டுவாள். அந்த வருஷம் ரங்கத் குடாவில் ஓடும் சர்க்கார் மோட்டார் படகுக்கு டிரைவர் வேலை ஒன்று காலியானது. பக்கா நௌக்ரி, நிரந்தர வேலை. பன்னிரண்டு மாதமும் சம்பளம், தகரக் கூரை போட்ட குவார்ட்டர்ஸ். என் வீட்டுக் கூரையோ ஓலை. இரண்டு பெண்பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஒழுகாத மூலை தேடுவதில் அவளுக்குப் பாதி மழைக்காலம் போய்விடும். வேலைக்கு மனுப்போட, பெரிய அதிகாரி ஒருவரின் நற்சான்றுக் கடிதம் வேண்டும் என்றார்கள். ரங்கத்தில் அப்படிக் கையெழுத்துப் போடும் அதிகாரி யார் இருந்தார்? நான் அப்படி யோசித்துக்கொண்டிருந்த வாரத்தில்தான் பக்தவத்சலம் சார் லாஞ்சிலிருந்து இறங்கினார்.

மெயின்லேண்டிலிருந்து வந்த ஆராய்ச்சிக்காரர். ஒல்லியான மனிதர், கூடவே பஞ்சு சுற்றிய பெட்டிகள் ஆறு. ரங்கத்துக்குக் குழாயும் தண்ணீர்த் தொட்டியும் போட சர்க்கார் முடிவு செய்திருந்தது. எந்த நாலாவிலிருந்து எடுப்பது என்று சொல்வதுதான் அவர் வேலை. அதற்காகக் கோடை முழுவதும் பத்து நாளைக்கு ஒருமுறை, ஏழு இடங்களில் தண்ணீர் எடுத்து, அதில் வளரும் கண்ணுக்குத் தெரியாத பாசிகளை எண்ணப்போகிறார். இதைக் கேட்டு டீக்கடைச் சண்முகம், “சார் தண்ணியில புல்லுப் புடுங்க வந்திருக்காரு” என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டான். அந்த நாலாக்களில் கல் எங்கே, சேறு எங்கே என்று அறிந்த படகு ஒன்றுதான் உண்டு. ஆகவே அவர் என்னிடம் வந்தார்.

முதல் சுற்று முடிந்த அன்று கெஸ்ட் ஹவுஸ் வராந்தாவில் உட்காரவைத்து, அவருடைய பெரிதாக்கும் கண்ணாடிக்கு அடியில் பத்தர் நாலாத் தண்ணீர் ஒரு துளியை வைத்து, பாருங்கள் என்றார். பார்த்தேன். உள்ளே படகுகள். பொய் இல்லை, படகேதான். இரண்டு முனையும் கூர்ந்து, கண்ணாடியில் இழைத்த மாதிரி, நடுவில் பழுப்பாக ஏதோ சரக்கு ஏற்றிக்கொண்டு. ஒன்று துடுப்பில்லாமல் தானே நகர்ந்து போயிற்று. என் டுங்கியைவிட அது அளவாக இருந்தது. இதை நான் இதுவரை யாரிடமும் ஒப்புக்கொண்டதில்லை.

கேலா நாலாத் துளியில் வேறு ஜனங்கள். பச்சை உருண்டைகள் உருண்டன, பச்சை நூல்கள் கிடந்தன, பாசிமணி கோத்த மாதிரி நீலப்பச்சைச் சரங்கள் சில சுருண்டு கிடந்தன. இரண்டும் கலந்த இடத்தில் இரண்டு ஜாதியும் இருந்தது. கண்டல் காட்டுப் பக்கம் போனால் கடல் ஜாதியும் வந்து கலந்தது, நம் போர்ட் பிளேர் மாதிரி. அந்த நீலப்பச்சைச் சரத்தைக் காட்டித்தான் சார் சொன்னார்: வெயில் ஏற ஏற, ஓட்டம் குறையக் குறைய இது பெருகும், சில ஜாதியில் விஷம் உண்டு, கால்நடை குடித்தால் ஆகாது. முந்தின கோடையில் கேலா நாலாக் கரையில் ஒரு வங்காளியின் இரண்டு கன்றுகள் வாயில் நுரைதள்ளிச் செத்தது என் நினைவுக்கு வந்தது. அதற்கு அவர்கள் பாம்பைத் திட்டினார்கள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். எந்தப் பாட்டில் எந்த இடத்துத் தண்ணீர் என்று நான் மூடியைத் திறந்து மோந்து பார்த்தே சொல்வேன். பத்தர் நாலா ஈரக்கல் வாடை. கேலா நாலா ஊறவைத்த சணல் வாடை. வெயில் ஏறினால் கெட்ட முட்டை. சார் நம்பாமல், எண்களை மறைத்து வைத்து மூன்று முறை சோதித்தார். மூன்று முறையும் சரியாகச் சொன்னேன். அவர் இரண்டு மணி நேரம் எண்ணிச் சொல்வதை என் மூக்கு ஒரு மூச்சில் சொல்லியது. அன்றைக்குத்தான் அவர் என் வேலை விஷயத்தைக் காதில் வாங்கினார். கோடை முடியட்டும், கடிதம் நான் தருகிறேன் என்றார். வீட்டுக்குப் போனதும் ரம்ஜான் பீவி ஒரு ஆணியைக் காட்டி, இதைக் குவார்ட்டர்ஸில் எங்கே அடிப்பது என்று கேட்டாள்.

மார்ச் பிறந்ததும் சாருக்கு மலேரியா. மூன்று வாரம் கட்டிலைவிட்டு எழவில்லை. இரண்டு சுற்று நடுவில் விட்டுப்போகும். என்னைக் கூப்பிட்டுப் பாட்டில்களையும் அயோடின் மருந்தையும் கொடுத்தார். ஏழு இடத்திலும் மொண்டு, பாட்டிலில் ஊற்றி, டீ நிறம் வரும்வரை மருந்து விட்டு, மூடி வைத்துவிடுங்கள். இவ்வளவுதான் சொன்னார். நடுங்கிக்கொண்டே சொன்னார்.

நான் போனேன். ஏழு இடத்திலும் மொண்டேன். கேலா நாலாவில் மொண்டதைப் பார்த்தால் கஞ்சித் தண்ணீரில் கீரையை மசித்தது மாதிரி இருந்தது. இதையா ஒரு பெரிய அதிகாரிக்குக் கொடுப்பது? நான் யார்? ரங்கத்துக்கே தெளிந்த தண்ணீர் கொடுக்கிற ஆள். காய்ச்சலில் கிடக்கிற மனிதருக்கு அழுக்குத் தண்ணீரைக் கொண்டுபோய் நீட்டினால் நாளைக்கு என் கடிதத்தில் என்ன எழுதுவார்? ஆகவே இரண்டு சுற்றிலும் ஏழையும் ஏழு சட்டியில் ஊற்றி, தேத்தாங்கொட்டை உரசி, ஒரு ராத்திரி வைத்துத் தெளிந்ததை மட்டும் பாட்டிலில் ஊற்றினேன். அப்புறம் அவர் சொன்னபடியே மருந்து. பதினாலு பாட்டிலும் பக்கத்துப் பாட்டிலில் எழுதியிருப்பது தெரிகிற அளவுக்குச் சுத்தம். என் வாழ்நாளில் அவ்வளவு சிரத்தையாக ஒரு வேலை செய்ததில்லை.

ஏப்ரல் முதல் வாரம் ஓவர்சியர் பன்னீர்செல்வம் பஜாரில் என்னைப் பிடித்து முதுகில் தட்டினார். தொட்டியையும் குழாயையும் கட்டப்போகிறவர் அவர்தான். சார் எண்ணிப் பார்த்ததில் கேலா நாலாத் தண்ணீரில் பாசியே இல்லையாம், கோடையில் தானாகச் சுத்தமாகிவிடுகிறதாம், வெள்ளிக்கிழமை லாஞ்சில் அறிக்கை போகிறதாம். அவருக்குச் சந்தோஷம் ஏன் என்றால், கேலா நாலா பஜாருக்குப் பக்கம். குழாய் பாதி நீளம் போதும்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அன்று மத்தியானமே கேலா நாலாவுக்கு டுங்கியை விட்டேன். மோந்து பார்த்தேன். அதே கெட்ட முட்டை. ஓரத்தில் பெயிண்ட் கொட்டின மாதிரி நீலப்பச்சை ஆடை. என் மூக்கு பொய் சொல்லாது. சாரின் கண்ணாடியும் பொய் சொல்லாது. நேரே கெஸ்ட் ஹவுஸுக்குப் போனேன்.

சார் மெலிந்து போயிருந்தாலும் முகம் தெளிந்திருந்தது. என்னைப் பார்த்ததும் நான் வாயைத் திறப்பதற்குள் ஒரு கவரை எடுத்துக் கையில் கொடுத்தார். கடிதம். கோடை முடியும்வரை எதற்குக் காக்கவேண்டும், காய்ச்சலில் கிடந்தபோது வேலையைக் காப்பாற்றியது நீங்கள்தானே என்றார். சட்டைப் பையில் வைத்தேன். கேட்க வந்ததை அப்புறம் கேட்கலாம் என்று உட்கார்ந்தேன்.

அவர் பேசிக்கொண்டே காய்ச்சலுக்கு முந்தின பாட்டில் ஒன்றில் வேலையைத் தொடர்ந்தார். அது அவரே பத்தர் நாலாவில் எடுத்தது. மெல்லிய ரப்பர் குழாயைப் பாட்டிலுக்குள் விட்டு, மேலே நின்ற தெளிந்த தண்ணீரை உறிஞ்சி உறிஞ்சிப் பக்கெட்டில் விட்டார். நல்ல தண்ணீரை ஏன் கொட்டுகிறார் என்று கேட்டேன்.

“மருந்து விட்டா எல்லாம் செத்து அடியில தங்கிடும் பாய். எனக்கு அந்த அடிதான் வேணும். மேல நிக்கிறது வெறும் தண்ணி.”

நான் எழுந்து வந்துவிட்டேன். பதினாலு பாட்டிலின் அடியையும் நான் என் வீட்டு முருங்கை மரத்துக்கு ஊற்றியிருந்தேன். அவர் கொட்டுவதை நான் கொடுத்திருக்கிறேன், அவர் தேடுவதை நான் கொட்டியிருக்கிறேன்.

வீட்டில் கவரைப் பார்த்ததும் ரம்ஜான் பீவி அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நான் நடந்ததைச் சொன்னேன்.

“யாருக்குத் தெரியும் இது?”

“எனக்கும் உனக்கும்.”

“நான் சொல்லப்போறதில்ல” என்றாள்.

“ஊரே அந்தத் தண்ணியக் குடிக்கும், புள்ள.”

“நம்ம புள்ளைங்களும் குடிக்கும், அது எனக்குத் தெரியாதா? அதுக்காக என்னிய சொல்லச் சொல்லாதிய. இந்தக் கவர என் கையால திருப்பிக் குடுக்கச் சொல்லாதிய. செய்யிறத நீங்க செய்யிங்க.”

என்னைப் பெரிய தியாகி என்று யாரும் நினைக்கவேண்டாம். புதன், வியாழன் இரண்டு நாளும் வாயை மூடிக்கொண்டு டிரம் சுமந்தேன். தகரக் கூரை கண்ணிலேயே நின்றது. என்னை அசைத்தது வேறு. வியாழன் மாலை பஜாரில் பன்னீர்செல்வம் நாலு பேருக்கு நடுவில், கேலா நாலா சுத்தம் என்று சொன்னது சும்மா இல்லை, தண்ணீர் எடுத்துக் கொடுத்ததே நம் தாவூத் பாய் என்றார். கூட்டம் உடனே நம்பியது. தாவூத் எடுத்த தண்ணீரா, அப்புறம் என்ன சந்தேகம் என்றான் சண்முகம். ஆறேழு வருஷம் ஒவ்வொரு டிரம்மாகச் சேர்த்த பெயர் அது. அந்தப் பெயரைக் கொண்டுபோய்க் கேலா நாலாவின் கழுத்தில் கட்டிவிட்டார்கள். கன்று விழுந்த இடத்தில் நாளைக்குப் பிள்ளை விழுந்தால் அந்தப் பெயரால்தான் கூப்பிடுவார்கள். வேலை போனால் இன்னொரு வேலை நான் உண்டாக்கிக்கொள்வேன். உண்டாக்கியே வந்தவன். பெயரை எங்கே போய்ச் செதுக்குவது?

அங்கிருந்தே கெஸ்ட் ஹவுஸ் போனேன். பன்னீர்செல்வமும் அறிக்கையை வாங்கிப்போகக் கூடவே வந்துவிட்டார். நல்லதாயிற்று, ஒரே தடவையில் சொல்லி முடிக்கலாம். கவரை மேசையில் வைத்தேன். தேத்தாங்கொட்டையையும் பக்கத்தில் வைத்தேன். சொன்னேன்.

சார் கொட்டையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

“எத்தன பாட்டில்ல?”

“பதினாலுலயும்.”

“அடியில தங்கினத?”

“முருங்கைக்கு ஊத்திட்டேன் சார்.”

“ஒரு வாரமா நான் கண்ணு வலிக்கத் தேடினது அதத்தான் பாய்.”

பன்னீர்செல்வத்துக்கு ஆத்திரம். “அரே பாய், உங்கள யாரு சுத்தம் பண்ணச் சொன்னது? படிக்காத ஆளுகிட்ட பாட்டில் குடுத்தா இதான் சார் நடக்கும்” என்றார்.

“படிக்காதவன்தான். அதான் வந்து சொல்லிட்டேன்” என்றேன்.

சார் கவரை எடுத்து இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டினார். அறிக்கை இந்த லாஞ்சில் போகாது என்றார். விடிந்ததும் ஏற்றத்துக்குத் தயாராக இருங்கள் என்று மட்டும் என்னிடம் சொன்னார். திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

இரண்டு நாளில் ஏழு இடத்தையும் முடித்தோம். அவரால் நிமிர்ந்து உட்கார முடியவில்லை. பாய்மரத் துணியை மடித்துத் தலைக்கு வைத்துப் படுத்துக்கொண்டே வந்தார். நான் மொண்டு காட்டுவேன், அவர் தலையை ஆட்டுவார், பாட்டிலில் அப்படியே ஊற்றுவேன். அந்தப் பச்சைக் குழம்பை வடிகட்டாமல் ஊற்றும்போது எனக்கு உடம்பே கூசியது. திரும்பி வந்து எண்ணினார். பத்தர் நாலாவில் அதே கண்ணாடிப் படகுகள், இங்கே ஒன்று அங்கே ஒன்று. கேலா நாலாத் துளியை வைத்தவர் நூறுவரை எண்ணிவிட்டு நிறுத்திக்கொண்டு, என்னைப் பார்க்கச் சொன்னார். நீலப்பச்சைச் சரங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, நடுவில் வெளிச்சம் வர ஊசிமுனை இடமில்லை. பத்தர் நாலா என்று அறிக்கை எழுதினார்.

கடிதத்தையும் புதிதாக எழுதினார். ஆங்கிலத்தில் ஒரு பக்கம். நடந்தது எல்லாம் இதில் இருக்கிறது, இதைக் கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் இஷ்டம் என்று சொல்லிக் கொடுத்தார். போர்ட் பிளேர் போகிற லாஞ்சில் அதை யாரையாவது படிக்கச் சொல்லியிருக்கலாம். கேட்கவில்லை. படகு ஆபீஸில் ஜெகநாதன் என்று ஒரு நல்ல கிளார்க், தஞ்சாவூர்க்காரர். படித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். வழியில் இவ்வளவு கடல் இருந்தும் இதைத் தூக்கிப் போடாமலா கொண்டுவந்தீர்கள் என்று கேட்டார். அதில் இருந்த கடைசி வரியைத் தமிழில் சொன்னார்: இந்த மனிதர் என் இரண்டு சுற்று வேலையைக் கெடுத்தார், கேட்காமலே வந்து சொன்னார், இவர் ஓட்டும் படகில் நான் தூங்குவேன்.

வேலை கிடைக்கவில்லை. கடிதத்தால் இல்லை. ஐந்தாம் வகுப்பு தேறியிருக்கவேண்டுமாம். ஜெகநாதன் வருத்தப்பட்டார். நான் அங்கேயே டீ வாங்கிக் கொடுத்து அவரைத் தேற்றிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து ரம்ஜான் பீவியிடம் சொன்னேன். மூன்று நாள் மீன் குழம்பில் புளி அதிகமாக இருந்தது.

செப்டம்பரில் மழை கொஞ்சம் விட்டதும் பன்னீர்செல்வம் என் வீட்டுக்கே வந்தார். பத்தர் நாலாவுக்கு ரோடு கிடையாது. இரும்புக் குழாய்களை மேலே கொண்டுபோக நாலாவைத் தவிர வழியில்லை. நாலாவில் கல் எங்கே என்று தெரிந்த டுங்கி ஒன்றுதான். வந்த விஷயத்தைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. நானும் உதவவில்லை. டீ வந்தது, குடித்தார். முருங்கை நன்றாகக் காய்த்திருக்கிறதே என்றார். கடைசியில், “குழாய் ஏத்தணும் பாய்” என்றார்.

“படிக்காத ஆளுகிட்டயா குடுக்கப்போறீங்க?”

“அத விடுங்க பாய். எப்ப ஏற்றம்?”

ஐந்து மாதம் குழாய் ஏற்றினேன். ஒரு குழாயைக்கூட நாலாவில் விடவில்லை. அதில் வந்ததைக் கொண்டு இரண்டாவது டுங்கி, அதற்கொரு இஞ்சின், வீட்டுக்குத் தகரக் கூரை. அடுத்த பிப்ரவரியில் பஜார் நடுவில் குழாயைத் திறந்தார்கள். பொம்பளைகள் வரிசையாகக் குடத்தோடு நின்றார்கள். என் ஆறு மண்தொட்டிகளுக்கும் அன்றோடு வேலை போயிற்று.

“உங்க வாயாலேயே உங்க தொழில மூடிட்டிய” என்றாள் ரம்ஜான் பீவி. அவள் கையிலும் குடம் இருந்தது.

நான் வரிசையை விலக்கிக்கொண்டு போய்க் கையைக் குவித்துப் பிடித்தேன். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. முதலில் மோந்தேன், அப்புறம் குடித்தேன். குறை சொல்ல ஏதாவது கிடைக்குமா என்று இன்னொரு கை பிடித்துக் குடித்தேன். கிடைக்கவில்லை. பிடிங்க என்று சொல்லிவிட்டு இடம் விட்டேன்.